எங்க ஏசியில நல்லாத்தான் ஓடுது சார்!

அட்சய திருதியை அன்று திருச்சி சின்னக்கடை வீதி நகைக்கடைகளில் கால் வைக்க இடமில்லை. நாங்களும் அன்றைக்குத்தான் கடைக்குப் போனோம், லேப்டாப் வாங்க. அன்று வீட்டுக்கு வரும் பொருள் அள்ள அள்ளக் குறையாது என்பது என் மனைவியின் நம்பிக்கை. விலை 62,990 ரூபாய், பன்னிரண்டு மாதத் தவணை. ஐந்தாம் நாள் கத்திரி வெயில் பிறந்தது. அன்றிலிருந்து குறைதான் அள்ள அள்ள வந்தது.

மகள் முதுகலைப் புள்ளியியல், கடைசிப் பருவம். அவளுடைய ப்ராஜெக்ட்டுக்காகத்தான் இந்தச் செலவே. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டேகால் மணிக்குத் திரை முழுக்க நீலமானது. மூலையில் வாய் கோணிய ஒரு முகக்குறி, கீழே ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று ஒரு காரணம். தானாக அணைந்தது, தானாக எழுந்தது. மூன்று மணிக்கு மறுபடி நீலம். இந்த முறை ‘பேஜ் ஃபால்ட்’ என்றது. மறுநாள் வேறொரு பெயர். ஒரே நோயாளியை மூன்று டாக்டரிடம் காட்டினால் மூன்று வியாதி சொல்வார்களே, அந்த மாதிரி. (இந்த நீலத்திரையை மைக்ரோசாஃப்ட் 2025இல் கறுப்பாக்கிவிட்டது. நிறம் மாறியதே தவிர, நிற்பது நிற்கவில்லை.)

காலையில் ஒரு தொந்தரவும் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பாட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்வாள், அப்போதும் கிடையாது. சாப்பாட்டு வேளைக்கும் விளக்கு வைக்கும் வேளைக்கும் நடுவில்தான் அந்தக் கூத்து. அதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

வாங்கிய கடைக்கே போனேன். பில் போடும்போது மோர் கொடுத்து உபசரித்த அதே இளைஞர்தான். “சீல் உடைச்சாச்சுல்ல சார், இனிமே கம்பெனிதான். டோல் ஃப்ரீ நம்பர் டப்பாலயே இருக்கு” என்றார். சீலை உடைக்காமல் குறை இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். பில்லைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில், ‘விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது.’ அந்த வரிக்கு ஒரு பதில் உண்டு. அது எனக்குத் தெரியவர இன்னும் மூன்று வாரம் ஆனது.

தமிழுக்கு மூன்றை அழுத்தவும்

மூன்றை அழுத்தினேன். இருபது நிமிடம் கழித்து இந்தியில் வணக்கம் வந்தது.

காத்திருக்கும் நேரத்தில் ஒலிக்கும் இசையைப் பற்றி ஒரு சுவையான கதை உண்டு. உலகம் முழுக்க எண்ணற்ற அலுவலகங்களில், சிஸ்கோ கம்பெனியின் தொலைபேசிகளில், ஹோல்டு போட்டால் கேட்கும் மெட்டு ஒன்றுதான். 1989இல் டிம் கார்ல்டன் என்ற பதின்வயதுப் பையன் தன் நண்பன் டாரிக் டீலோடு சேர்ந்து வீட்டுக் கொட்டகையில் பதிவு செய்தது. நண்பன் பிற்பாடு சிஸ்கோவில் வேலைக்குச் சேர, அந்த மெட்டும் கருவிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு அந்த பாக்கியமும் இல்லை. எனக்கு வாய்த்தது ஒரு புல்லாங்குழல் துண்டு. சரியாக 22 வினாடிக்கு ஒருமுறை அறுந்து, முதலிலிருந்து வரும். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முணுமுணுப்பேன்.

முதல் அழைப்பில் ரீஸ்டார்ட். இரண்டாவதில் அப்டேட். மூன்றாவதில் ரிமோட்டில் வந்தார்கள். மகள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க, எங்கிருந்தோ ஒருவர் அம்புக்குறியை நகர்த்தினார். அதெல்லாம் நடந்தது காலை பத்து மணிக்கு. மெஷின் சமர்த்தாக இருந்தது. நான்காவதில் ஃபார்மட். ஊரில் எந்த வயிற்று வலிக்கும் விளக்கெண்ணெய் கொடுத்த காலம் உண்டு அல்லவா, இந்தத் துறையின் விளக்கெண்ணெய் ஃபார்மட். எல்லாம் சுத்தமாகிவிடும், வலி மட்டும் அங்கேயே இருக்கும். பத்து நாளில் இரண்டு முறை ஃபார்மட் பண்ணினோம். நல்லவேளை, மகள் எதையும் ஒரே இடத்தில் வைக்கிறவள் இல்லை.

ஒவ்வொரு முறையும் ஒரு டிக்கெட் நம்பர் கொடுப்பார்கள். அடுத்த முறை அந்த நம்பரைச் சொன்னால், “அது க்ளோஸ் ஆயிடுச்சு சார், புதுசா போட்டுத் தரேன்” என்பார்கள். யார் மூடினார்கள்? சரியாகிவிட்டது என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லையே?

என் தங்கை மகன் சென்னை ஓஎம்ஆரில் இதே மாதிரி ஒரு இடத்தில் மூன்று வருஷம் ஹெட்செட் மாட்டியிருந்தவன். அவனிடம் புலம்பினேன்.

“மாமா, மெயில் அனுப்புவாங்க. ரெண்டு நாள்ல நீங்க பதில் போடலைன்னா டிக்கெட் தானா மூடிக்கும். புது டிக்கெட்னா ரீஸ்டார்ட்லேர்ந்து ஆரம்பிக்கணும். ஸ்க்ரீன்ல வர்ற படியைத் தாண்டிப் போனா எங்களுக்கு மார்க் போயிடும்.”

வைகுண்ட ஏகாதசி ராத்திரி ஸ்ரீரங்கத்துத் திண்ணைகளில் விடிய விடியப் பரமபதம் ஆடுவார்கள். தொண்ணூற்றுச் சொச்சம் கட்டத்தில் ஒரு பாம்பு வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். அவன் சொன்னதும் எனக்கு அந்தப் படம்தான் கண்ணில் வந்தது.

ஆனால் அவன் தன் பழைய கம்பெனியை முழுக்க விட்டுக்கொடுக்கவும் இல்லை. வருகிற அழைப்பில் பெரும்பாலானவை ரீஸ்டார்ட்டிலும் அப்டேட்டிலும் தீர்ந்துவிடுகிற கேஸ்தானாம். செலவில்லாத மருந்தை முதலில், செலவு பிடிக்கிற பார்ட்டைக் கடைசியில் என்று அடுக்கியிருப்பது நியாயம்தான். “சாதாரண ஜுரத்துக்கு அது நல்ல சிஸ்டம் மாமா. உங்களுக்கு வந்திருக்கிறது வேற. வந்து வந்து போறது. அதுக்கு ஸ்க்ரிப்ட்லயே இடம் கிடையாது.”

வந்து வந்து போவது. இந்தக் கட்டுரையே அந்தச் சொல்லைப் பற்றியதுதான். அடியோடு செத்துப்போன கம்ப்யூட்டரை வாங்கியவர் பாக்கியசாலி. டப்பாவைத் திறந்ததும் உயிர் இல்லை என்றால் யாரும் வாதாட மாட்டார்கள், மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். பாதி நேரம் நடிக்கிற மெஷினை வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டியவர் ஆகிறார்.

சர்வீஸ் சென்டரில் அதுதான் நடந்தது. கண்ணாடிக் கதவு, டோக்கன், உள்ளே ஏசி 22 டிகிரி. மேசைக்கு அந்தப் பக்கம் இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுப் பையன். சட்டைப் பையில் நாலு அளவில் ஸ்க்ரூ டிரைவர். மரியாதையானவன். ஜாப் ஷீட் எழுதினான், மூடியில் இருந்த கீறலைக்கூட வட்டம் போட்டுக் குறித்துக்கொண்டான். கம்பெனியின் சோதனை மென்பொருளைப் பதினைந்து நிமிடம் ஓட்டினான். வரிசையாகப் பச்சை டிக். “எங்க ஏசியில நல்லாத்தான் ஓடுது சார்” என்று திரையை என் பக்கம் திருப்பினான். பல் வலியோடு போய் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி நின்றுவிட்டவனின் முகம் எப்படி இருக்குமோ, என் முகம் அப்படி இருந்திருக்கும். ஜாப் ஷீட்டில் ‘குறை ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்து கேட்டான். போட்டேன். போட்டிருக்கக் கூடாது. அந்தத் தாளைத்தான் பிறகு ஒவ்வொரு மேலதிகாரியும் எனக்குப் படித்துக் காட்டினார்.

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்குத் திறந்தோம். நீலம்.

மறுவாரம் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனேன். “வீடியோவை மேல ஏத்துக்க மாட்டாங்க சார்” என்றான் பையன். அவன் குரலில் என்னைவிட அவனுக்குத்தான் வருத்தம் அதிகம் போலிருந்தது.

கணக்குப் போட்டால் கெட்டுப்போகும் கணினி

வாங்கியவர் தலையில் நிரூபிக்கும் பாரத்தை ஏற்றுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியாவில், லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி 1994இல் இரட்டைப் பகா எண்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஜூனில் ஒரு விடை பொருந்தவில்லை. பேராசிரியர் அல்லவா, முதலில் தன்னையே சந்தேகப்பட்டார். தான் எழுதிய நிரலை, பிறகு அதை மொழிமாற்றும் மென்பொருளை, பிறகு போர்டை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, புது பென்டியம் சில்லே தப்பாக வகுக்கிறது என்று முடிவுக்கு வர அக்டோபர் ஆகிவிட்டது.

அந்தத் தப்பை இப்போதும் யார் வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம். 41,95,835ஐ 31,45,727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். அந்த பென்டியம் 1.33373 என்றது. வகுப்பதற்காகச் சில்லுக்குள் 1,066 இடங்கள் கொண்ட ஒரு வாய்ப்பாட்டு அட்டவணை இருந்தது. அதில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விட்டுப்போயிருந்தன. அவ்வளவுதான்.

இன்டெல் என்ன சொன்னது? தொள்ளாயிரம் கோடி வகுத்தலில் ஒருமுறைதான் இது நேரும், சாதாரணமாக அட்டவணைக் கணக்குப் போடுகிறவருக்கு 27,000 வருஷத்தில் ஒருமுறை என்று சொன்னது. ஆகவே, தனக்கு இதனால் உண்மையிலேயே பாதிப்பு என்று காட்டுகிறவருக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்றது. பணம் கொடுத்து வாங்கியவர், தான் போடும் கணக்கு முக்கியமான கணக்குதான் என்று விற்றவரிடம் நிரூபிக்க வேண்டும்! ஊர் சிரித்தது. டிசம்பர் 12ஆம் தேதி ஐபிஎம் அந்தச் சில்லு வைத்த கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. 20ஆம் தேதி இன்டெல் இறங்கிவந்து, கேட்டவர் எல்லோருக்கும் மாற்றித் தருவதாக அறிவித்தது. அந்தப் பிடிவாதத்துக்கும் அதன் பரிகாரத்துக்குமான கணக்கு 47.5 கோடி டாலர்.

இதைவிட எனக்குப் பிடித்தது டெல் கம்பெனியின் கதை. 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் பெரும் எண்ணிக்கையில் மதர்போர்டு மின்தேக்கிகள் உப்பி, கசிந்து, கெட்டன. அந்தக் காலத்தில் விற்பனைக்கு அனுப்பப்பட்டவை குறைந்தது 1.18 கோடிக் கணினிகள். 2010இல் வெளியான நீதிமன்ற ஆவணங்களில் ஒரு சம்பவம் இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை, தங்கள் கணினிகள் செத்துச் செத்து விழுவதாகப் புகார் சொல்லியிருக்கிறது. பரிசோதித்த கம்பெனி கண்டுபிடித்த காரணம்: கணிதத் துறையினர் அவற்றைக் கடினமான கணக்குகள் போட வைத்துச் சிரமப்படுத்திவிட்டார்களாம். கணிப்பொறி என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும். மகளிடம் இதைச் சொன்னபோது, “நல்லவேளை, நான் புள்ளியியல்” என்றாள்.

பழங்கதை என்று தள்ளவும் முடியாது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகச் சில்லுகளை வாங்கியவர்கள் விளையாட்டைத் தொடங்கினால் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று வரும். பலரும் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் திட்டினார்கள். சிலர் அதை மாற்றியும் பார்த்தார்கள். 2024 ஜூலையில்தான் உண்மையான குற்றவாளி தன் சில்லுக்குள் இருக்கும் நிரல்தான், அது தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கிச் சில்லையே மெல்ல அரித்திருக்கிறது என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. வாரண்டியை மூன்றிலிருந்து ஐந்து வருஷமாக நீட்டியது. அரிப்பு விழுந்த சில்லு மீளாது, மாற்றத்தான் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேர் எத்தனை முறை ஃபார்மட் பண்ணியிருப்பார்கள்!

180 ரூபாய் வெப்பமானி

எங்கள் வீட்டுக் குற்றவாளியைக் கண்டுபிடித்தது நானல்ல. மகள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு, நீலத்திரை வந்த நேரத்தையெல்லாம் எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள். இரண்டு வாரத்தில் 31 முறை. அதில் 29, மதியம் ஒன்றுக்கும் மாலை ஆறுக்கும் இடையில். எஞ்சிய இரண்டும் கரண்ட் போய் ஃபேன் நின்ற ராத்திரியில்.

ரேம் பழுதோ என்று சந்தேகப்பட்டு, மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரலை ஒரு பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிட்டாள். காலையில் எழுந்து பார்த்தால் பிழை சுழியம். அன்றைக்கு அவள் அழுதாள். ப்ராஜெக்ட் ஒப்படைக்க மூன்று வாரம்கூட இல்லை. நான் ஆறு வருஷமாகத் தட்டிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்பை, நாலு சாவியில் எழுத்து அழிந்துபோனதை, அவளிடம் கொடுத்தேன். அதே அறை, அதே வெயில். அது பாட்டுக்கு ஓடியது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. சோதனையை ராத்திரியில் ஓட்டினோமே, வியாதி வருவது மதியம் அல்லவா? தெற்குச் சித்திரை வீதிக் கடை ஒன்றில் 180 ரூபாய்க்குச் சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கி வந்தாள். எங்களுடையது மொட்டை மாடிக்குக் கீழே உள்ள இரண்டாம் மாடி அறை. பன்னிரண்டு மணிக்குச் சோதனையைத் தொடங்கினாள். ஒன்று நாற்பதுக்கு, சுவரில் 37 டிகிரி காட்டியபோது, முதல் சிவப்பு வரி விழுந்தது. பிறகு வரிசையாக. மெமரிக்குள் ஒரே இடம், ஒரே பிட், திரும்பத் திரும்ப. ஒன்று என்று எழுதி வைத்தால் சுழியமாகத் திரும்பி வருகிறது. நீலத்திரை ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் சொன்னதற்கும் காரணம் அதுதான். அந்த ஓட்டை இடத்தில் அந்த நேரம் எது உட்கார்ந்திருந்ததோ அது செத்திருக்கிறது.

வெயிலுக்கும் நினைவகத்துக்கும் என்ன சம்பந்தம்? 16 ஜிபி ரேம் என்பது சுமார் 13,700 கோடி நுண்குடங்கள். ஒவ்வொரு குடத்திலும் துளி மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம். குடம் எல்லாமே லேசாக ஒழுகும். அதுதான் அதன் இயல்பு. அதனால் யாரோ ஓடி ஓடித் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டிடிஆர்4 வகையில் 64 மில்லி நொடிக்கு ஒருமுறை ஒரு சுற்று முடியும், டிடிஆர்5இல் அதிலும் பாதி நேரம். சூடு ஏற ஏற ஒழுகல் கூடும். நல்ல குடம் அடுத்த நிரப்பல் வரும்வரை தாங்கும். பிறவியிலேயே விரிசல் விட்ட குடம் ஏசி அறையில் தாங்கும், ஸ்ரீரங்கத்து மே மாதத்தில் தாங்காது. அந்தப் பையனுடைய பச்சை டிக் பொய் இல்லை. எங்கள் நீலமும் பொய் இல்லை.

இப்படிப்பட்டவற்றைத் தொழிற்சாலையிலேயே சூடேற்றி ஓட்டிக் கழித்துக்கட்டப் பார்ப்பார்கள். பொறியாளர்கள் பழுது நேரும் வீதத்தைக் குளியல் தொட்டியின் குறுக்குவெட்டு போல வரைவது வழக்கம். நமக்கு உருளி என்றால் சுலபம்: தொடக்கத்தில் விளிம்பு உயரம், நடுவில் சமதளம், கடைசியில் மறுபடி உயரம். புதுசில் போவது போகும், பழசானதும் போகும், நடுவில் நிம்மதி. நாங்கள் முதல் விளிம்பில் வழுக்கி விழுந்தவர்கள். அது யாருடைய துரோகமும் இல்லை. கோடிக்கணக்கில் செய்தால் சில தப்பும். தப்பியது யார் வீட்டுக்கு வந்தது, வந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விவகாரம்.

சிவப்பு வரிகளைப் படமெடுத்து அனுப்பினோம். வந்த பதிலை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். கையேட்டின் இத்தனையாம் பக்கத்தில், இந்தச் சாதனம் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் இயங்குவதற்கானது என்று இருக்கிறதாம்; தாங்கள் அனுப்பிய படத்தில் சுவர் வெப்பமானி 37 காட்டுகிறதாம். எங்கள் சாட்சியே எங்களுக்கு எதிராகத் திரும்பியது.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். சந்தையில் இருக்கும் பெரும்பாலான லேப்டாப்புகளின் கையேட்டிலும் அந்த 35 இருக்கிறது. திருச்சியில் மே மாதப் பகல் 38, 39 போவது சாதாரணம். அப்படியானால் சித்திரை, வைகாசியில் தமிழ்நாட்டில் ஏசி இல்லாத எந்த வீட்டிலும் லேப்டாப் திறக்கக் கூடாது என்று கடை வாசலில் பலகை மாட்ட வேண்டாமா? மோர் கொடுத்த தம்பி அதைச் சொல்லவில்லையே?

இந்தத் தடவை மகள்தான் பதில் எழுதினாள். ரேம் சில்லுகள் தம் மேற்பரப்பில் 85 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தொழில் துறையின் தர அளவு. சோதனையின்போது மெஷினுக்குள் இருந்த சூடு அதற்கு வெகு கீழே. அதையும் படமெடுத்து வைத்திருந்தாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: இந்த அறையில் இதே வெயிலில் ஆறு வருஷமாக ஒரு லேப்டாப் ஓடுகிறது, வந்து பார்க்கலாம்.

பில்லின் பின்பக்கத்துக்குப் பதில்

26ஆம் நாள், வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் பில்லை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இது அவங்க போட்டுக்கிற சட்டம். நாட்டுச் சட்டம் வேற” என்றார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அதன் இரண்டாம் பிரிவில் 47ஆம் உட்பிரிவு, எதெல்லாம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று பட்டியலிடுகிறது. குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, அதைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பதும் அதில் ஒன்று. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள். எங்களுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் இன்னொரு பிடியும் உண்டு. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விற்கும் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதையும் தாண்டினால் மாவட்ட ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். குறை தெரிந்ததிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம். குறை உண்டா இல்லையா என்று தகராறு வந்தால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம். சாதாரணமாக மூன்று மாதம், ஆய்வகத்துக்குப் போனால் ஐந்து மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட இழுக்கும். அதனால்தான் ஆயிரம் பேரில் ஒருவர்கூட அந்தப் படி ஏறுவதில்லை என்று நினைக்கிறேன். விற்பவர்களும் அதைத்தான் நினைக்கிறார்கள்.

நாங்களும் ஏறவில்லை. கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். 1915இல் ஒரு புகார். கடிதத்தில் திட்டு ஒன்றுமில்லை. தேதி, டிக்கெட் நம்பர், மகளின் கட்டம் போட்ட நோட்டின் நகல், பிரிவு எண். ஐந்தாவது நாள் சென்னையிலிருந்து மேலாளர் ஒருவர் பேசினார். சுத்தமான தமிழ். ‘உங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்துக்கு’ என்று தொடங்கினார். இத்தனை நாளும் இந்தத் தமிழை எங்கே வைத்திருந்தார்கள்?

புது லேப்டாப் கேட்டேன். மதர்போர்டு மாற்றித் தருவதாகச் சொன்னார். இப்போதெல்லாம் மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமை மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். ஒரு குடம் ஒழுகினால் கிணற்றையே மாற்ற வேண்டும். புது போர்டுதானே என்று கேட்டேன். ‘புதியது அல்லது புதியதற்கு நிகரானது’ என்றார். வாரண்டித் தாளைப் பார்த்தேன், அப்படியேதான் அச்சாகியிருந்தது. வழக்குக்குப் போகத் தெம்பில்லை. ஒப்புக்கொண்டேன். இதைத் தோல்வி என்று எழுதுவதா வேண்டாமா என்று இந்த நிமிடம்வரை எனக்குத் தெளிவில்லை.

பார்ட் வந்து சேர்ந்தது வாங்கிய 41ஆம் நாள். அதற்குள் மகள் என் பழைய மெஷினிலேயே ப்ராஜெக்ட்டை முடித்து ஒப்படைத்துவிட்டாள்.

அதே கண்ணாடிக் கதவு, அதே பையன். போர்டை மாற்றி முடித்துவிட்டு, அவனாகவே ஒரு காரியம் செய்தான். ஏசிக்கு எட்டாத பின்பக்க வராந்தாவுக்கு லேப்டாப்பை எடுத்துப்போய், ஒரு ஸ்டூலில் வைத்து, மகள் சொன்ன அந்தச் சோதனையை இரண்டு மணி நேரம் ஓடவிட்டான். யாரும் சொல்லவில்லை. அவனுடைய படிகளில் அது கிடையாது. சிவப்பு விழவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். காசு கொடுக்கப்போனால் கையைப் பிடித்துக்கொண்டான்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கிச் சொன்னான்: “சார், சாயங்காலம் ஒரு கால் வரும். கம்ப்யூட்டர் பேசும். பத்துக்கு எவ்வளவுன்னு கேக்கும். பத்து போட்டுடுங்க சார். ஒம்பது போட்டாகூட எனக்கு அது கெட்ட மார்க்தான். கம்பெனி மேல இருக்கிற கோவத்தை எல்லாரும் அதுல காட்டிடுறாங்க.”

ஆறரைக்கு வந்தது. பதிவு செய்த பெண் குரல், நல்ல தமிழ். எங்கள் சேவையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி? ஒன்று முதல் பத்துவரை, உங்கள் மதிப்பெண்ணை அழுத்தவும். பத்தைப் போட ஒன்றையும் சுழியத்தையும் அழுத்த வேண்டும். ஒன்றை அழுத்தினேன். விரல் சுழியத்துக்குப் போவதற்குள், “உங்கள் மதிப்பீட்டுக்கு நன்றி” என்று சொல்லி வைத்துவிட்டது.